காபன் சில்லும் கைப்பொருளும்

சென்ற மாதம் என் மாணாக்கன் ஒருவன் வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். உயர்தர வகுப்பிற் பயில்பவன். துவிச்சக்கர வண்டி ஓட்டப் போட்டிகளில் ஆர்வம் மிக்கவன். பழைய ஓட்டவண்டி ஒன்றை வாங்கி, ஓமந்தையிலிருந்து ஏ-9 வீதி வழியே நாடோறும் விடியலிற் பயிற்சி செய்கின்றான். அவன் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். கரிய நிறமும் அகன்ற விளிம்பும் கொண்ட காபன் சில்லுகள் இரண்டு அதிற் காணப்பட்டன. பெயர்பெற்ற நிறுவனங்கள் கேட்கும் விலையிற் சிறு பங்குக்கே அவை சீனாவிலிருந்து வந்து சேருமாம். பெரும்போக நெல் விற்ற பணத்தைத் தர அவன் தாயாரும் இசைந்துவிட்டார். "ஐயா, வாங்கலாமோ?" என்பதே அவன் வினா.

நன்னூலும் புறநானூறும் கற்பிக்கும் பண்டிதனிடம் இவ்வினா எதற்கு என்று நண்பர் சிலர் நகைத்தனர். யான் நகைக்கவில்லை. வன்னியில் வாழ்ந்தவனுக்குச் சைக்கிள் விளையாட்டுப் பொருளன்று. 1990களில் எரிபொருட்டடை நிலவிய காலத்தில் நெல்மூட்டையும் விறகும் நோயாளியும் அதன் மீதே சென்றனர். 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது, நாடு முழுவதும் அந்தப் பழைய பாடத்தை மீளப் படித்தது. ஆதலின் விடை கூறுமுன் சில நாள் விசாரித்தேன். சைக்கிள் திருத்துவோரையும் பௌதிகவியல் ஆசிரியரையும் கேட்டேன். கேட்டறிந்தவற்றை ஈண்டுச் சொல்லுவேன்.

காபன் சில்லின் விளிம்பு, மயிரினும் மெல்லிய காபன் நார்களைப் பிசினில் தோய்த்து, படைபடையாக அச்சில் அடுக்கி, சூட்டில் இறுகவைத்துச் செய்யப்படுவது. அது எடை குறைந்தது, விறைப்பு மிக்கது. அகன்ற விளிம்பு காற்றைப் பிளந்து செல்ல உதவும். இவையெல்லாம் மெய்யே. மலிவானது என்பதனாலேயே அது போலி எனல் பொருந்தாது. பெயர்பெற்ற நிறுவனங்கள் பலவற்றின் சில்லுகளும் சீனத்திலேயே செய்யப்படுகின்றன. விலையை உயர்த்துவன விளம்பரமும் பெயருமாகலாம். ஒவ்வொன்றையும் சோதித்து அனுப்பும் செலவும், பழுதுற்றால் மாற்றித் தரும் பொறுப்புமாகலாம். முன்னவற்றைக் கொடுக்காது விடுவது சிக்கனம். பின்னவற்றைக் கொடுக்காது விடுவது துணிகரம். படத்தை மட்டும் பார்த்து வாங்குவோன் தான் எதனை விட்டான் என அறியான். இடர் இங்கேதான் உளது.

இனி, பயன் எவ்வளவு என்று பார்ப்போம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடுவோனுக்குக் காற்றே பெரும்பகை. 15 கிலோமீற்றரிற் பள்ளிக்குச் செல்வோனுக்கு அது பொருட்டன்று. எடையோ எனின், சோடிக்கு 400 கிராம் குறைந்ததாகக் கொள்வோம். வண்டியும் ஏறியவனும் சேர்ந்து 80 கிலோ எனின், அக்குறைவு இருநூறில் ஒரு பங்கே.

தீங்கும் ஆராயத்தக்கது. இம்மாணாக்கனின் வண்டியில் தடைக்கட்டை விளிம்பையே பற்றுகின்றது. நெடுநேரம் பற்றின் சூடேறும், சூட்டிற் பிசின் இளகும், படைகள் பிரியும். வட்டத்தகட்டுத் தடை பூட்டிய வண்டிக்கு இக்குறை இல்லை. எம் வன்னி சமதரையாதலின் ஈண்டு இவ்விடர் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். நுவரெலியாவின் இறக்கத்திலேதான் அது உயிரைக் கேட்கும். ஆயின் எமக்கு வேறோர் இடர் உண்டு. எம்மூரின் உட்பாதைகள் கிரவலும் குழியும் நிறைந்தவை. மாடுகள் திடீரெனக் குறுக்கிடும். அலுமினிய விளிம்பு அடிபட்டாற் பெரும்பாலும் நெளியும். நெளிவெடுத்து மீண்டும் ஓடலாம். காபன் விளிம்பு பெரும்பாலும் நெளியாது. ஒருநாள் முன்னறிவிப்பின்றி வெடிக்கும். அதனைச் செப்பஞ்செய்யும் கைகள் எம்மூரில் இல்லை.

சில்லு ஒடிதல் யாதென யான் அறிவேன். 1997இல், மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிய என் அன்னையைக் கரியரில் இருத்தி மருத்துவமனைக்குச் சென்றேன். சில நாளின் முன்னரே, கடை ஒன்றில் இருந்தவற்றுள் மலிவான றிம்மை வாங்கிப் பூட்டியிருந்தேன். குளக்கட்டின் மீது அது ஒட்டு விட்டுப் பிளந்தது. அன்னையை முதுகிற் சுமந்தும், நிழல் கண்ட இடத்தில் இருத்தியும் நடந்தேன். மருத்துவமனையை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவர் பிழைத்தார். ஆயினும் மிச்சம் பிடித்த அச்சில ரூபாயை எண்ணுந்தோறும் இன்றும் என் நெஞ்சு சுடுகின்றது.

நம் முன்னோர் இவற்றை எண்ணாதவரல்லர். உப்பு வணிகர் மேடுபள்ளம் நிறைந்த வழியை நினைந்து, வண்டியின் கீழ்ச் சேமவச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் காட்டுகின்றார். மயிற்பீலியே ஆயினும் அளவு மிஞ்சி ஏற்றின் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். பொருளின் வலியும் வழியின் வன்மையும் தன் கையிருப்பும் அறிந்தே வண்டி பூட்டல் வேண்டும் என்பது இவற்றால் யான் கொண்ட கருத்து.

இவையனைத்தையும் அவனிடம் கூறினேன். பொறுமையாகக் கேட்டபின் அவன் சொன்னான்: "ஐயா சொல்லுறது சரிதான். ஆனா மற்றப் பெடியள் எல்லாம் காபனிலதான் வாறாங்கள். நான் மட்டும் இந்தச் சில்லோட நிண்டால் என்ன செய்யிறது?"

இதற்கு என்னிடம் உடனே விடை இருக்கவில்லை. அவன் குறை நியாயமானது. சம திறன் உடைய இருவருள் ஒருவனுக்குக் கருவி உயர்ந்ததாயின் வெற்றி அப்பக்கமே சாயும். "பொருளாசை தவிர்" என்று அவனுக்கு உபதேசித்தல் ஆசிரியனுக்கு எளிது. ஆனால் அஃது அறமாகாது.

பின்னர்த் தெளிந்து யான் கொண்ட முடிவு இது. நாளாந்தம் பள்ளிக்கும் வயலுக்கும் செல்லும் வண்டிக்கு மலிவான காபன் சில்லு வேண்டவே வேண்டாம். போட்டியில் ஓடுவோன், தகட்டுத் தடை உள்ள வண்டியும், ஐ.எஸ்.ஓ. 4210 போன்ற தரத்திற்குச் சோதித்தமைக்கு எழுத்துச் சான்றும், பழுதுற்றால் மாற்றித் தரும் உறுதியும் உளவாயின் வாங்கலாம். விலை குறைவு என்பதற்காக அஞ்ச வேண்டுவதில்லை. இவற்றுள் ஒன்று குறையினும் நல்ல அலுமினிய விளிம்பும் புதிய ரயரும் தலைக்கவசமும் வாங்குவதே அறிவுடைமை.

ஆயினும் இச்சுமையை ஒரு தாயின் நெல்லுப் பணத்தின் மீது வைத்தல் தகாது. கிரிக்கெட் மட்டையைப் பாடசாலை வாங்கி வைக்கின்றது, பலர் ஆடுகின்றனர். அவ்வாறே பழைய மாணவரும் விளையாட்டுக் கழகங்களும் கூடி, நன்கு சோதித்த ஒரு சோடிச் சில்லையும் அதற்கேற்ற ஒரு வண்டியையும் பொதுவாக வாங்கி வைத்தால் என்ன? போட்டிக்கு முன் மாணவர் முறைவைத்து ஓடலாம். சேமவச்சை ஒவ்வோர் உப்பு வணிகனும் தானே கட்டிச் சென்றான். நாம் கூட்டாகக் கட்டலாம்.

மாணாக்கன் இப்போதைக்கு ரயர் மட்டும் மாற்றியுள்ளான். விடியலில் அவன் செல்லும் ஓசை என் வீட்டு வாயிலிற் கேட்கின்றது. பழைய மாணவர் சங்கத்துக்கு யான் ஒரு கடிதம் எழுதியுள்ளேன். ஆசிரிய நண்பர்களும் தத்தம் பாடசாலைகளில் இதனை எண்ணிப் பார்ப்பாராக.