விளையாட்டு யாருடையது? வினை யாருடையது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

‘விளையாட்டு வினையாகும்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். சின்னஞ்சிறு வயது முதல் இப்பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒன்றைக் கவனித்தோமா? விளையாடியவர் யார், வினையை அனுபவித்தவர் யார் என்று அது சொல்லவில்லை. இருவரும் ஒருவரே என்றால் கவலையில்லை. ஆடியவன் அனுபவிக்கிறான் என்று விட்டுவிடலாம். ஆடியவர் ஒருவர், அனுபவித்தவர் வேறொருவர் என்றால், பொறுப்பு யாரைச் சேரும்? இக்கேள்வியைத்தான் நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன். பிறருக்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

2012ஆம் ஆண்டு, டிசம்பர் 4ஆம் நாள். இலண்டன் மாநகரில் விடியற்காலை ஐந்தரை மணி. ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவமனையில் தொலைபேசி ஒலிக்கிறது. இளவரசர் வில்லியமின் துணைவியார் கேத்தரின், கருவுற்ற காலத்துக் கடும் வாந்தியினால் அங்கே சேர்க்கப்பட்டிருந்த நேரம் அது. தொலைபேசியைக் கவனிக்கும் அலுவலர் இல்லாத வேளையாதலால், இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவர் எடுத்தார். மறுமுனையில் பேசியவர்கள் எலிசபெத் அரசியாகவும் இளவரசர் சார்லசாகவும் நடித்தார்கள். செவிலியர் ஐயுறவில்லை, இணைப்பை வார்டுக்கு மாற்றிக் கொடுத்தார். அவர் செய்தது அவ்வளவே. நோயாளியின் நிலையைச் சொன்னவர் வார்டிலிருந்த மற்றொரு செவிலியர்.

பேசியவர்கள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உள்ள ‘டூடே எஃப்.எம்.’ வானொலியின் அறிவிப்பாளர்கள் மெல் கிரெய்க், மைக்கேல் கிறிஸ்டியன் என்ற இருவர். உரையாடல் ஒலிபரப்பாயிற்று. உலகெங்கும் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அதை எடுத்துப் போட்டுச் சிரித்தன. மூன்றாம் நாள், டிசம்பர் 7 அன்று, முதலில் தொலைபேசியை எடுத்த அந்தச் செவிலியர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் பெயர் ஜெசிந்தா சல்தானா. வயது 46. இரண்டு பிள்ளைகளின் தாய். நம் அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தின் மங்களூர்ப் பகுதியிலிருந்து பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்றவர். அவர் உடல் உடுப்பி மாவட்டத்துச் சிர்வாவில் அடக்கம் செய்யப்பட்டது.

இப்போது பொறுப்பைத் தேடுவோம். அறிவிப்பாளர்களைக் கேட்டால், ‘நாங்கள் பதிவு செய்து கொடுத்தோம், ஒலிபரப்புவதா வேண்டாமா என்ற முடிவு எங்களுடையது அன்று’ என்றார்கள். நிலையத்தைக் கேட்டால், ‘ஒலிபரப்புமுன் மருத்துவமனையைத் தொடர்புகொள்ள ஐந்து முறை முயன்றோம், இப்படியொரு முடிவு வரும் என்று யார் எதிர்பார்த்தார்?’ என்றது. சிரித்தவர்களைக் கேட்டால், ‘எல்லாரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம்’ என்பார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் கை காட்டுகிறார்கள். சுற்றிவந்து பார்த்தால் வட்டத்தில் எல்லாரும் இருக்கிறார்கள்; பொறுப்பு மட்டும் இல்லை!

‘எதிர்பார்க்கவில்லை’ என்ற சொல்லை நான் நம்புகிறேன். ஒரு மரணத்தை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவர் தம் உயிரைப் போக்கிக்கொள்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்றாக இருப்பதும் இல்லை. ஆகவே அவர்களைக் கொலைகாரர்கள் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். பிரிட்டனில் அவர்கள் மீது வழக்கும் தொடரப்படவில்லை. அவ்விருவருக்கும் கொலை மிரட்டல் விடுத்தார்களே சிலர், அதுவும் அறமன்று. ஆனால் மரணத்தை எதிர்பார்க்காதவர்கள் அவமானத்தையும் எதிர்பார்க்கவில்லையா? யாரோ ஒருவர் ஏமாற வேண்டும். ஏமாந்ததை ஊரே கேட்க வேண்டும். அதில்தானே அந்த நகைச்சுவையே இருக்கிறது! அரசியை நோக்கி எறிந்த கல் அரண்மனை மதில் மேல் விழவில்லை. விடிய விடியக் கண் விழித்து வேலை பார்த்த ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. எந்த மாளிகையிலும் வாசலில் நிற்பவர் தொழிலாளிதானே? மாளிகைக்காரரைக் கேலி செய்யப் புறப்பட்டவன் முதலில் ஏமாற்ற வேண்டியவரும் அவர்தான்.

இன்னொன்றும் உண்டு. அது வாய் தவறி வந்த சொல் அன்று. பதிவு செய்யப்பட்டது, நிலையத்தாரின் பரிசீலனைக்குப் போனது, பிறகே ஒலிபரப்பானது. ஏமாந்தவர்களின் சம்மதம் கிடைக்கவில்லை என்று தெரிந்தும் ஒலிபரப்பினார்கள். சிந்திக்க நேரமும் நிறுத்த அதிகாரமும் யாரிடம் இருந்தனவோ, அவர்களிடமே பெரும் பொறுப்பு இருக்கிறது என்பது என் கருத்து. ஆஸ்திரேலிய ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமும், சம்மதமின்றிப் பதிவு செய்த தனிப்பட்ட உரையாடலை ஒலிபரப்பியதால் நிலையம் உரிம விதியை மீறியது என்றுதான் முடிவு செய்தது. நிலையம் வழக்காடியது. 2015 மார்ச்சில் அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. 2014இல் இலண்டனில் நடந்த மரண விசாரணையின்போது மெல் கிரெய்க் நேரில் சென்று, அக்குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். பொறுப்பு என்பது அப்படித்தான் தொடங்குகிறது.

‘அது இலண்டன், அவர்கள் வானொலிக்காரர்கள், நமக்கென்ன?’ என்று இருந்துவிடலாமா? எண்ணூரிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் பழவேற்காடு. 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யை நம்பி, வீடு வாசலற்ற ஒரு மனிதரை அங்கே ஊர் கூடி அடித்துக் கொன்றது. அதே மாதத்தில் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் செல்லச் சென்னையிலிருந்து வந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த குற்றத்துக்காக அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு இந்தியாவில் சுற்றிய பிள்ளை பிடிப்புக் காட்சிகளில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகளைக் காக்க வேண்டி எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அது நடிப்புத்தான் என்று தெரிவிக்கும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டியவர் யாரையும் அடிக்கவில்லை. அனுப்பியவர்களும் அடிக்கவில்லை. ஆனால் உயிர்கள் போயின. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஐந்து பேருக்குப் பொய் சொல்லலாம் என்பது அதன் பொருளன்று!

சிட்னி வானொலிக்கு ஓர் உரிமம் இருந்தது, மேலாளர் இருந்தார், தட்டிக் கேட்க ஆணையமும் இருந்தது. நம் சட்டைப்பையில் இருக்கும் வானொலிக்கு யார் மேலாளர்? நாமேதான். இதைப் புத்தகத்தில் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை.

நாங்கள் எண்ணூர்க் கடலோரக் குப்பம் ஒன்றில் வாழ்கிறோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்த செய்தியை நண்பர்கள் அறிவார்கள். கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும், குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டில் ஓடினோம். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அன்று முதல் எங்கள் பகுதியில் இரவு உறக்கம் என்பது அரை உறக்கம்தான்.

மூன்று மாதம் கழிந்தது. 2024 ஏப்ரல் முதல் நாள் இரவு, பத்து மணிக்கு மேல். எங்கள் தெருக் குழுவில் பள்ளி மாணவன் ஒருவன் பேசிப் பதிவு செய்த குரல் வந்தது. ‘பைப் மறுபடி லீக்காயிடுச்சு, எல்லாரும் ஓடுங்க’ என்றது அக்குரல். நான் முதலாண்டு வேதியியல் மாணவன். உப்புப் பகுப்பாய்வில் அம்மோனியாவை மூக்கினாலேயே கண்டுபிடித்துப் பழகியவன். மிகச் சிறிதளவு காற்றில் கலந்தாலும் அந்த நெடி காட்டிக் கொடுத்துவிடும். சன்னலைத் திறந்து ஒரு மூச்சு இழுத்திருந்தால் போதும். நான் இழுக்கவில்லை. ஒரே நிமிடத்தில் மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். பிறகுதான் மூக்கு நினைவுக்கு வந்தது. பிறகுதான் தேதியும் நினைவுக்கு வந்தது.

அதற்குள் அடுத்த தெருவில் கூடை சுமந்து மீன் விற்கும் ஆயா, இருட்டில் படியிறங்கி ஓடும்போது விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. அரசு மருத்துவமனையில் அறுவை செய்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அன்றிறக்கிய கூடையை இன்றுவரை அவர் தூக்கவில்லை. பார்க்கப் போனேன். தலை குனிந்து நின்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அந்தப் பய சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்டா கண்ணு. என் பேத்தி உன் பேரைப் படிச்சா. படிக்கிற புள்ள அனுப்புனா நெசமாத்தான் இருக்கும்னு எழுந்து ஓடுனேன்” என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை அதுவரை பெருமையாக மட்டுமே நினைத்திருந்தேன். அது ஒரு பொறுப்பு என்று அன்று அந்தத் திண்ணையில் தெரிந்துகொண்டேன்.

என் தந்தை துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கப்பலின் அடித்தளத்திலிருந்து சரக்கைத் தூக்கும்போது, கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நடப்பது தெரியாது. மேலே நின்று ஒருவர் கை காட்டுவார். அந்தக் கையை நம்பித்தான் பல டன் எடை ஏறும், இறங்கும். நடந்ததைச் சொன்னபோது தந்தை அதிகம் பேசவில்லை. “கை காட்டுறவன் வெளாடக் கூடாதுடா” என்றார். நான் தேடிய விடை அதுவே. பார்க்க முடியாத ஒருவர் நம் சொல்லை நம்பிச் செயல்படுகிறார் என்றால், நாம் கை காட்டுபவர். சிட்னி அறிவிப்பாளர்களை இலண்டன் செவிலியர் பார்க்க முடியவில்லை. என்னை ஆயா பார்க்க முடியவில்லை. பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி எல்லாமே காட்டும் கைகள்தாம்.

‘பொறுப்பு பலருக்கும் உண்டே, எனக்குக் கொஞ்சம்தானே?’ என்று கேட்கலாம். நானும் அந்தப் பள்ளி மாணவனைக் காட்டித் தப்பப் பார்த்தேன். தொடங்கியவனுக்குப் பொறுப்பு உண்டு. நிறுத்தும் இடத்தில் இருந்தும் நிறுத்தாதவருக்கு அதைவிட அதிகம் உண்டு. ஆராயாமல் கைமாற்றியவருக்கும், கேட்டுச் சிரித்தவருக்கும் உண்டு. ஆனால் நான்கு பேர் தூக்கும் மூட்டையின் எடை பிரிவதுபோல் இது பிரிவதில்லை. எத்தனை பேர் சேர்ந்து தூக்கினாலும் என் பங்கு எனக்கு முழுப் பங்குதான்.

நகைச்சுவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிரிக்காத கல்லூரி சிறைச்சாலையாகிவிடும். ஆனால் யார் செலவில் சிரிக்கிறோம் என்று பார்ப்போம். கேலிக்கு ஆளானவரும் கூடச் சேர்ந்து சிரிக்க முடிந்தால் அது விளையாட்டு. அவர் ஒருவர் மட்டும் சிரிக்க முடியாதென்றால் அது வினை. பயனில்லாத சொல்லைக் கண்டிக்க வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். தீங்கு தரும் சொல்லை அவர் எங்கே வைத்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பழமொழியைத் திருத்தும் துணிவு எனக்கில்லை. என் மட்டில் அதை முழு வாக்கியமாகச் சொல்லிப் பழகுகிறேன்: என் விளையாட்டு ஆயாவுக்கு வினையாயிற்று. வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆயாவின் பேத்தியோடு காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, கூடையை அவர் வீட்டுத் திண்ணை வரை நான்தான் தூக்கி வருகிறேன். கடன் தீர்ந்துவிட்டது என்று நினைக்கவில்லை. கூடையின் எடை தெரிந்திருக்கிறது.