சீட்டில்லாத சிட்டம்

ஆண்டிபட்டி வட்டாரத்தில், சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் சேலை நெய்வோர் இல்லங்களில், சீட்டு உதிர்ந்து, நம்பரும் நீளமும் தெரியாமற்போன மிச்ச நூல் பரணில் சேர்ந்து கிடப்பது சர்வ சாதாரணம். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அத்தனையே பருத்தி நூலின் நம்பர் என்னும் ஆங்கிலேயர் காலத்துக் கணக்கு இன்றும் பிரமாணமாக இருப்பதால், 60-ஆம் நம்பரில் 100 கிராம் எஞ்சியிருப்பின் அது ஏறத்தாழ 10 கிலோமீட்டர் என்று தராசே சொல்லிவிடும். நம்பர் தெரியாதபோதோ, சிட்டத்தில் ஏழிலொரு பங்கான 120 கெஜத்தை அளந்து பொற்கொல்லர் தராசில் நிறுத்து, ஒரு கிராமைச் சற்றே தாண்டினால் 60 என்றும், ஒன்றரையைத் தாண்டினால் 40 என்றும் நிர்ணயிக்கலாம். விரலால் நெருடியே நம்பர் சொல்லும் முதியோரின் சாமர்த்தியம் வணக்கத்துக்குரியதுதான்; ஆயினும் முழுச் சேலைக்குப் பாவு ஓட்டுமுன் தராசை நாடுவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். நூலில் ஏறிய கஞ்சியும், கம்பம் பக்கத்துச் சாரற்காற்றில் பருத்தி உறிஞ்சும் ஈரமும் எடையைப் பொய்யாக்குமே என்று ஆட்சேபிப்போர் உண்டு. மாதிரியை அதே சிட்டத்திலிருந்து எடுத்து, அதே வேளையில் நிறுத்து, மொத்த எடையை மாதிரியின் எடையால் வகுத்து 120-ஆல் பெருக்கி நீளத்தைக் கெஜத்தில் கண்டால், அந்தப் பொய் இருபுறமும் சமமாய் நின்று தானே கழிந்துவிடும்.