முட்டை உடைஞ்சிருமாம்!

‘நில்லு’ என்கிற சொல் நமக்குப் புதுசில்லை. ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றவர்கள் நம் பாட்டன்மார்கள். பொதுச்சாலையில் எந்தச் சாதியாரும் நடக்கலாம் என்று சொல்வதற்கே 1924இல் சென்னை மாகாண சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. யார் போவது, யார் ஒதுங்குவது என்று சாதி தீர்ப்பெழுதிய இடம் இந்தச் சாலை. அதே சாலையில் இப்போது நாம் எதிர்ச்சொல் சொல்கிறோம்: வண்டிக்காரரே, நீங்க நில்லுங்க!

பொறுக்குமா ஊருக்கு?

ராசிபுரம் பக்கம் எங்கள் நாற்சந்தி. நெடுஞ்சாலைத் துறையின் சாலைக்கு இந்தப்பக்கம் சேரி, அந்தப்பக்கம் ஊர். அரசு நடுநிலைப் பள்ளி, தனியார் மெட்ரிக் பள்ளி ரெண்டுமே அந்தப்பக்கம். மெட்ரிக் பிள்ளைகள் மஞ்சள் பஸ்ஸில் வாசலில் போய் இறங்குகிறார்கள். நம் பிள்ளைகள் நடந்து கடக்க வேண்டும். மெட்ரிக் வாசலில் ‘மெதுவாகச் செல்லவும்’ பலகை உண்டு, கீழே பள்ளியின் பேரும் போன் நம்பரும். சந்தியில் ஒரு மண்ணும் கிடையாது. ‘நில்’ பலகை, முறையான வேகத்தடை, கடக்கிற இடத்தில் வெள்ளைக் கோடு, இவ்வளவுதான் கேட்டோம். அக்டோபர் 2 கிராம சபையில் மனு வைத்தோம். வங்கிக்கும் விடுமுறை, நானும் போயிருந்தேன்.

பேசினார்கள் பாருங்கள்! பஸ் அஞ்சு நிமிசம் லேட்டாகும் என்றார் ஒருவர். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், “பிள்ளைங்களுக்கு ரோட்டைப் பாத்துத் தாண்டக் கத்துக்குடுங்க” என்றார். எங்கள் தெரு அக்கா ஒருத்தி எழுந்து, “ஏனுங்க சார், ஆறு வயசுப் பிள்ளைக்கு லாரி என்னா வேகத்துல வருதுன்னு எப்படிங்க தெரியும்?” என்று கேட்டாள். பதில் இல்லை. பைக்கில் போகிற பையன் ஒருவன், ராத்திரியோட ராத்திரியாகக் கொட்டுகிற மேட்டில் ஏறி இடுப்பு போகுது என்றான். அதில் ஞாயம் உண்டு. அதனால்தான் முறையானது என்று கேட்கிறோம். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கத் தோதான அளவு அது.

கடைசியாக வந்ததுதான் உச்சம். “வேகத்தடை போட்டா முட்டை லாரி குலுங்கும், முட்டை உடைஞ்சிரும்.” சபை சிரித்தது. நாமக்கல் முட்டை ஊரெல்லாம் போகிறது, மறுக்கவில்லை. வாரம் 5 முட்டை சத்துணவுத் தட்டுக்கும் வருகிறது. அந்தத் தட்டை ஏந்த உட்காருகிற பிள்ளைதான் சாலையைக் கடக்கிறது. முட்டையோட்டின் மேலிருக்கிற கரிசனம் மண்டையோட்டின் மேல் இல்லை!

ஒன்று சொல்லிவிடுகிறேன். லாரி ஓட்டுகிறவனை வில்லனாக்க நான் தயாரில்லை. அவன் பல நேரம் நம்ம சித்தப்பன் மகன்தான். தூக்கமில்லாமல், முதலாளி குறித்த நேரத்துக்குள் சரக்கைச் சேர்க்க ஓட்டுகிறான். விபத்து நடந்தால் அடி வாங்குகிறவனும் அவனே. வேகத்தின் லாபம் வேறெங்கோ போகிறது. வங்கியில் கடன் கோப்பு பார்க்கிற குமாஸ்தா நான். மஞ்சள் பஸ்ஸுக்குக் கடன் உண்டு, லாரி சேசிஸுக்குக் கடன் உண்டு. சாலையோரம் கடக்க நிற்கிற காலுக்கு எந்தக் கோப்பிலும் ஒரு பக்கம்கூட இல்லை.

‘பொதுமக்கள்’ என்று அவர்கள் சொல்லும்போது வண்டி வைத்திருப்பவர்களைத்தான் சொல்கிறார்கள். 2018இல் சேலத்திலிருந்து சென்னைக்குச் சீக்கிரம் போக 277 கிலோமீட்டர் எட்டுவழிச் சாலை, சுமார் 10,000 கோடி என்றார்கள். வேகத்துக்குக் கோடி கோடியாகத் திட்டம், நிற்பதற்கு ஒரு தகரப் பலகைக்குப் பஞ்சம்! ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் சட்டசபையில் அறிவித்தார்கள். நல்லது. சொல்லை எடுத்துவிட்டீர்கள், அந்தச் சொல்லுக்கு முன்னால் பறக்கிற வண்டியை என்ன செய்வதாக உத்தேசம்?

நெதர்லாந்தில் 1971இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் செத்தார்கள். மறு வருசம் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பேரிலேயே இயக்கம் கிளம்பியது. விபத்து என்று மழுப்பவில்லை, கொலை என்றே சொன்னார்கள். பிள்ளைக்குப் பாடம் நடத்துவதோடு விடாமல் சாலையை மாற்றச் சொன்னார்கள். நடப்பவரும் வண்டியும் கலக்கிற இடத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடும் சொல்லிவிட்டது.

பலகை யாரும் போடுகிற பிச்சையில்லை தோழர்களே. சாலைக் குறியீடுகள் வைக்கும் அதிகாரத்தை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 116ஆம் பிரிவு அரசுக்குக் கொடுத்திருக்கிறது. சாலைத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2019 திருத்தத்தில் வந்த 198ஏ. உயிரின் விலை 1 லட்சமா என்று தனியாகச் சண்டை போடுவோம். இப்போதைக்கு அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிப் பாருங்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

தீர்மானப் புத்தகத்தில் ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதி மூடினார்கள். அடுத்து நவம்பர் 1, உள்ளாட்சி நாள் கிராம சபை. அன்றைக்கு மனுவோடு ஒரு கணக்கும் கொண்டுபோகிறோம்: காலை எட்டே முக்கால் முதல் ஒன்பதே கால் வரை சந்தியைக் கடக்கிற பிள்ளைகள் எத்தனை, அதே நேரத்தில் கடக்கிற வண்டிகள் எத்தனை, அதில் நின்றவை எத்தனை. ஒரு வாரம் எண்ண வேண்டும். கல்லூரித் தோழர்கள் நாலு பேர் வந்தால் போதும். நோட்டு, பேனா நான் வாங்கித் தருகிறேன்.