அந்த மஞ்சள் முடிச்சு யார் கையில?

போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி எழுதினதுக்கு எனக்குக் கிடைச்ச மரியாதை இருக்கே... அதை வெச்சுத் தனியா ஒரு தொடரே எழுதலாம். அதனால இந்த வாரம் காலேஜ் காம்பவுண்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிடலாம். மும்பை வரைக்கும்!

முதல்ல ஒரு கேள்வி. நீங்க நேர்ல போய் நின்னு, கத்தி, தொண்டை கட்டிப்போன ஒரு நிகழ்ச்சியோட வீடியோ வெளியாகுது. அதுல எதைத் தேடுவீங்க? பாட்டையா? பொய் சொல்லாதீங்க பாஸ். போன வருஷம் கல்ச்சுரல்ஸ் வீடியோ வந்தப்போ நாம எல்லாரும் எதைத் தேடினோம்? நம்ம மூஞ்சியைத்தானே!

மேட்டருக்கு வர்றேன். எனக்குப் பெரியம்மா பையன் ஒருத்தர் இருக்கார். என்னைவிட 18 வயசு பெரியவர். வேளச்சேரியில் வீடு, ஐ.டி. வேலை, முன் மண்டையில் லேசா வழுக்கை, ஆறாவது படிக்கிற பொண்ணு. போன மாசம் லாஃப்ட்டைச் சுத்தம் பண்ண ஆள் வேணும்னு கூப்பிட்டார். சம்பளம், ஒரு பிளேட் பிரியாணி. பழைய மிக்ஸி, உடைஞ்ச ஊஞ்சல் பலகை, 2000-களோட செராக்ஸ் நோட்ஸ்... எல்லாத்துக்கும் அடியில ஒரு டிவிடி. ‘அயர்ன் மெய்டன் - ஃப்ளைட் 666’னு போட்டிருந்துச்சு.

“என்னண்ணா, பேய்ப் படமா?”

வைவாவுல ‘ஓம் விதி தெரியாது’ன்னு சொன்னவனை எக்ஸ்டர்னல் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். “டேய்... அதுல நான் இருக்கேன்டா!”

தெரியாதவங்களுக்காகச் சின்ன அறிமுகம். ‘அயர்ன் மெய்டன்’ 1975-ல் லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் என்கிற பேஸ் கிடார்க்காரர் ஆரம்பிச்ச ஹெவி மெட்டல் குழு. மூணு கிடார், குதிரை நாலு கால் பாய்ச்சல்ல ஓடுற மாதிரி ஒரு பேஸ், மேடை முழுக்க ஓடிக்கிட்டே பாடுற புரூஸ் டிக்கின்சன். இவங்க 2007 மார்ச் 17-ம் தேதி பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ்ல வாசிச்சாங்க. இவ்வளவு பெரிய மெட்டல் குழு இந்தியாவுக்கு வர்றதே அப்போ அதிசயம். அண்ணனுக்கு இன்டர்னல் டெஸ்ட். போகலை. ‘இனி இந்த ஜென்மத்துல வரமாட்டாங்க’னு ஒரு வாரம் சோறு இறங்கலையாம்.

ஆனா அடுத்த வருஷமே வந்தாங்க. 2008 பிப்ரவரி 1, மும்பை, பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் மைதானம். அதுவும் உலக டூரோட முதல் ஷோவே அதுதான்! அண்ணன் அப்போ ஃபைனல் இயர். வீட்டுல ‘இன்-பிளான்ட் டிரெயினிங்’னு ஒரு பிட்டைப் போட்டுட்டு, கிளாஸ்மேட் ஒருத்தரோட சென்ட்ரல்ல ரயில் ஏறிட்டார். டிக்கெட் காசு அந்த ஃப்ரெண்டோடது. குண்டக்கல்ல தயிர்சாதப் பொட்டலம் தீர்ந்து, புனேவுல கையில இருந்த சில்லறையும் தீர்ந்து, ஒரு பகல் ஒரு ராத்திரிக்கு மேல பயணம் பண்ணி மைதானத்து வாசல்ல போய் நின்னிருக்காங்க. அந்த ஃப்ரெண்டுக்கு அஞ்சு அரியர். அது எல்லாம் கிளியர் ஆகணும்னு அவங்க அம்மா நேர்ந்துக்கிட்டு, மஞ்சத் துணியில காசு முடிஞ்சு கையில கட்டிவிட்டிருந்தாங்களாம். இந்த மஞ்சள் முடிச்சைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க.

இப்போ அந்த டூர். 45 நாள்ல 23 ஷோ, கிட்டத்தட்ட 80,000 கிலோமீட்டர். மும்பையில ஆரம்பிச்சு ஆஸ்திரேலியா, ஜப்பான், மெக்சிகோ, பிரேசில்னு சுத்தி கனடாவுல முடிச்சாங்க. எப்படி முடிஞ்சுது? சொந்தமா வாடகைக்கு எடுத்த ஒரு போயிங் 757. பின்பக்க சீட்டுகளைக் கழட்டிட்டு, 12 டன் சாமான்களையும் அதே விமானத்துல ஏத்தினாங்க. ஓட்டினது யாருங்கறீங்க? பாடகர் புரூஸ் டிக்கின்சனேதான்! லைசென்ஸ் உள்ள பைலட் மனுஷன். நம்ம ஊர் கச்சேரின்னா ‘ஃப்ளைட் லேட்’னு மைக்ல சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஃப்ளைட்டை ஓட்டுறதே பாடகர்னா என்ன சாக்கு சொல்றது?

இந்தப் பயணத்தைக் கூடவே இருந்து படம் பிடிச்சவங்க கனடாவைச் சேர்ந்த சாம் டன், ஸ்காட் மெக்ஃபேடியன். சாம் டன் மானிடவியல் படிச்சவர். மனுஷங்களைப் பார்க்குறதுதான் அவர் படிப்பு. அதனாலயோ என்னவோ, அவங்க கேமரா மேடையைப் பார்த்த அளவுக்குக் கூட்டத்தையும் பார்த்துச்சு. 2009 ஏப்ரல் 21-ம் தேதி தியேட்டர், மே மாசம் டிவிடி. ஒரு டிஸ்க்ல டாக்குமென்டரி, இன்னொண்ணுல 16 பாட்டு. மேடையில வாசிச்ச அதே வரிசை, ஆனா ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு ஊர்ல எடுத்தது. முதல் பாட்டு ‘ஏசஸ் ஹை’. ஊர்? மும்பை! 2010-ல் கனடாவோட ஜூனோ விருதும் கிடைச்சுது.

விருதெல்லாம் சரி. ரசிகர்கள் என்ன சொன்னாங்க? எந்தக் கச்சேரி வீடியோ வந்தாலும் மெட்டல் ரசிகன் முதல்ல பண்றது புலம்பல். இதுல முதல் புலம்பல் கணக்கிலேயே இருக்கு. 23 ஷோ, 16 பாட்டு. பெர்த், பிரிஸ்பேன்ல வந்து கத்தினவங்களுக்கு ஒரு பாட்டுகூடக் கிடையாது. மும்பைக்காரங்களுக்கும் ஒரே பாட்டுதான். கண் சிமிட்டினா முடிஞ்சுது, அடுத்தது மெல்போர்ன்.

ஆனா அந்தப் படத்தைப் பார்த்த எல்லாரும் மறக்காம சொல்ற இடம் ஒண்ணு இருக்கு. கொலம்பியாவோட பொகோட்டா. அங்கே ரசிகர்கள் பல நாள் முன்னாடியே வந்து ரோட்டுலயே தங்கிக் காத்திருந்தாங்க. ஷோ முடிஞ்சதும் டிரம்மர் நிக்கோ மெக்பிரைன் வீசின குச்சி ஒருத்தர் கையில சிக்குது. அந்த மனுஷன் அதைக் கையில வெச்சுக்கிட்டு அழுறார். சத்தம் இல்லாம, தேம்பித் தேம்பி. கேமரா அவரை விட்டு நகரலை. நான் பார்த்தப்போ சிரிக்கத்தான் ஆரம்பிச்சேன். பாதியில நிறுத்திட்டேன். அந்த நிக்கோ 2024 டிசம்பர்ல டூர்கள்ல இருந்து ஓய்வு வாங்கிட்டார். அந்தக் குச்சி இன்னும் யார் வீட்டு பீரோவுலயோ இருக்கும்.

அடுத்த புலம்பல்தான் பெரிசு. எடிட்டிங்! இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். 2001 ஜனவரி 19-ம் தேதி ரியோ டி ஜெனிரோவுல சுமார் 2,50,000 பேர் முன்னாடி இவங்க வாசிச்சாங்க. ‘ராக் இன் ரியோ’ங்கிற பேர்ல 2002-ல் டிவிடி வந்துச்சு. எடிட் பண்ணினது ஸ்டீவ் ஹாரிஸ். ஆமாங்க, பேஸ் வாசிக்கிறவரேதான். இன்னிக்கு வரைக்கும் ரசிகர்கள் அதைப் பத்திச் சொல்ற குறை ஒண்ணே ஒண்ணு: கட், கட், கட்! கிடார் சோலோ ஆரம்பிக்குது, விரலைக் காட்டுறாங்க, அடுத்த செகண்ட் டிரம்ஸ், அடுத்த செகண்ட் கூட்டம், அப்புறம் யாரோட ஷூவோ. கண்ணு பிடிக்கிறதுக்குள்ள படம் மாறிடுது.

ஒரு இன்ஜினீயரிங் மாணவனா யோசிச்சுப் பார்த்தேன். மைதானத்துல எத்தனை கேமரா இருந்தாலும் வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு திரை. ஒவ்வொரு செகண்டும் மத்த எல்லா கேமராவையும் தூக்கிப் போட்டுட்டு ஒண்ணை வெச்சுக்கணும். கிடார் கத்துக்கிறவனுக்கு அந்தச் செகண்ட்ல விரல் வேணும். டிரம்ஸ்காரனுக்குக் கால் பெடல் வேணும். எங்க அண்ணன் மாதிரி ஆளுக்குக் கூட்டம் வேணும். எடிட்டர் எதை வெச்சாலும் மீதி எல்லாருக்கும் பல்புதான். 2012-ல் சிலி நாட்டு சாண்டியாகோ கச்சேரியை ‘என் விவோ’ன்னு வெளியிட்டப்போ, திரையையே துண்டு போட்டு ஒரே நேரத்துல ரெண்டு மூணு படம் காட்டிப் பார்த்தாங்க. ‘இப்போ எதைப் பார்க்குறதுன்னே தெரியலை’ன்னு அதுக்கும் முணுமுணுத்தவங்க உண்டு. மனுஷனைத் திருப்திப்படுத்தவே முடியாது போல!

அன்னிக்குச் சாயங்காலம் அந்த டிவிடியைப் போட்டுப் பார்க்க நாங்க பட்ட பாடு இருக்கே... அண்ணன் வீட்டு லேப்டாப்ல டிவிடி டிரைவே கிடையாது. என்னோடதுலயும் இல்லை. எங்க காலேஜ் லேப்ல இருக்கிற டிரைவெல்லாம் மியூசியத்துல வைக்க வேண்டியவை. கடைசியில ரூம்மேட்டோட அண்ணன்கிட்ட இருந்து ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ் கடன் வாங்கி, டி.வி.யில கனெக்ட் பண்ணினோம். ராத்திரி ஒன்பது மணி. அண்ணி ‘வால்யூமைக் குறைங்க’ன்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க.

மும்பை. இருட்டு. சர்ச்சிலோட பழைய பேச்சு ஒலிக்குது. அண்ணன் சோபா நுனிக்கு வந்துட்டார். பாட்டு வெடிச்சதும் அவர் முகத்துல சந்தோஷம் இருக்கும்னு எதிர்பார்த்தேன். மனுஷன் குறை சொல்ல ஆரம்பிச்சார்!

“அட்ரியன் ஸ்மித்தைக் காட்டுடா... அன்னிக்கு என் கண்ணு அவர் கையை விட்டு நகரவே இல்லை. இவன் எங்கெங்கயோ சுத்துறான்.”

அப்புறம் சவுண்ட். “இவ்வளவு சுத்தமா கேட்கலைடா. நாங்க நின்ன இடத்துல காத்து அடிச்சா பாட்டு கேட்காது, பக்கத்துல இருக்கிறவன் கத்துறதுதான் கேட்கும். பாதிப் பாட்டு வரைக்கும் கிடாரே சரியா விழலை. அதுதான் நல்லா இருந்துச்சு.”

அப்போதான் எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. இவங்க யாரும் எடிட்டரைத் திட்டலை. ஒவ்வொருத்தர் மண்டைக்குள்ளயும் அந்த ராத்திரி வேற மாதிரி ஓடிக்கிட்டிருக்கு. அதோட வீடியோ ஒத்துப்போகலைன்னுதான் கோபம். இன்னும் மோசம் என்னன்னா, திரும்பத் திரும்பப் பார்த்தா வீடியோதான் ஜெயிக்கும். அண்ணனே சொன்னார்: “அம்பது தடவையாவது பார்த்திருப்பேன். இப்போ கண்ணை மூடினா, நான் நின்ன இடத்துல இருந்து தெரியறதில்லைடா. மேடைக்கு மேல இருந்து தெரியுது. நான் எப்போடா மேடைக்கு மேல நின்னேன்?”

பொண்ணு நடுவுல வந்து, “அப்பா, அப்போ உங்களுக்கு நிறைய முடி இருந்துச்சா?”ன்னு கேட்டுட்டுப் போனா. பதில் வரலை.

சரி, அண்ணன் அதுல இருக்காரா? கூட்டம் தெரியுற ஒரு ஷாட்ல நிறுத்தினார். ரிமோட்டை வெச்சு முன்னாடி, பின்னாடி, முன்னாடி. நூத்துக்கணக்கான கைகள். எல்லாம் ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் நீட்டின மெட்டல் முத்திரை. “இதோ... இதுதான் நான்”னு ஒரு கையைக் காட்டினார். எனக்கு எல்லாக் கையும் ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது. பக்கத்துல இன்னொரு கை. மணிக்கட்டுல மஞ்சளா ஏதோ ஒண்ணு. மேடை லைட்டோட நிழலா, பட்டையா, மஞ்சத் துணியா? சத்தியமா சொல்ல முடியலை. ஒரு செகண்ட்கூட இருக்காது அந்த ஷாட்.

அண்ணன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தார்.

“இப்போ அந்த அண்ணன் எங்கே இருக்கார்?”னு கேட்டேன். நான் கேட்டிருக்கக் கூடாது. 2015-ல் ரெண்டு பேரும் சேர்ந்து சின்னதா ஒரு தொழில் ஆரம்பிச்சிருக்காங்க. ஒண்ணரை வருஷம். கணக்குல தகராறு, வார்த்தை தடிச்சு, கடைசியில ரெண்டு வீட்டுப் பெரியவங்க வரைக்கும் போயிருக்கு. அதுக்கப்புறம் பேச்சே இல்லை. ஃப்ரெண்டோட அம்மா தவறினப்போகூட இவர் போகலையாம். “தப்பு என் மேலயும் இருக்கு”ன்னு மட்டும் சொன்னார். ‘யும்’ல கொஞ்சம் அழுத்தம் இருந்துச்சு.

“அஞ்சு அரியரும் கிளியர் ஆச்சாண்ணா?”

“ஒரே செம்ல!” சிரிச்சுட்டார். “மெய்டன் பார்த்த ராசின்னு அவன் சொன்னான். முடிச்சு ராசின்னு அவங்கம்மா சொன்னாங்க. திருச்செந்தூர் போய் உண்டியல்ல போட்டுட்டு வந்தோம். நானும் போனேன்.”

அப்புறம் என்ன தோணுச்சோ, போனை எடுத்து டி.வி.யை ஒரு போட்டோ எடுத்தார். கோடு கோடா, மங்கலா விழுந்துச்சு. நம்பர் பழசுதான், மாறியிருக்குமான்னு தெரியலை. அனுப்பிட்டார். என்னமோ எழுதணும்னு மூணு தடவை டைப் பண்ணி மூணு தடவை அழிச்சார். கடைசியில வெறும் போட்டோ மட்டும்.

ஒரு டிக். அப்புறம் ரெண்டு டிக்.

நான் ஹாஸ்டலுக்குக் கிளம்புற வரைக்கும் ரெண்டும் சாம்பல் கலர்லயே இருந்துச்சு. மறுநாள் காலையில கிளாஸ்ல உட்கார்ந்துக்கிட்டு ‘என்னாச்சுண்ணா?’ன்னு மெசேஜ் பண்ணினேன். (எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் கிளாஸ். மேடம், படிச்சீங்கன்னா மன்னிச்சுக்கங்க.) ‘நீலம் ஆயிடுச்சுடா’ன்னு பதில் வந்துச்சு. அவ்வளவுதான். இந்தப் பக்கத்தை எழுதி முடிக்கிற வரைக்கும் வேற தகவல் இல்லை.

டிரைவை மட்டும் ரூம்மேட்டோட அண்ணன் திருப்பிக் கேட்டுட்டே இருக்கார். அது இன்னும் வேளச்சேரியிலதான் இருக்கு.