எல்லா ஊரிலும் ஒரு காந்தி ரோடு

உங்கள் வீட்டு ரூட்டரின் முகவரி 192.168.1.1 அல்லது 192.168.0.1. நான் ஜோசியன் இல்லை. பெரும்பாலான ரூட்டர்களை அப்படித்தான் எழுதி அனுப்புகிறார்கள். நாமும் மாற்றுவதில்லை.

இன்டர்நெட்டின் பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள். ஆளுக்கு ஒரு போன், டி.வி. என்றால் போதாது. அதனால் 10, 172.16 முதல் 172.31, 192.168 என்று ஆரம்பிக்கும் எண்களை வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று 1996-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 சொல்லிவிட்டது. ஊருக்கு ஊர் காந்தி ரோடு மாதிரி. இரண்டு காந்தி ரோடுகளை இணைக்கும்போதுதான் வம்பு.

ஆபீஸ் நண்பர் இணைத்தார். அம்மா கும்பகோணத்தில் தனியாக. போன வருஷம் வழுக்கி விழுந்ததிலிருந்து ஹாலில் ஒரு காமிரா. மாட்டிய ஆசாமி ரூட்டரில் ஒரு ஓட்டை போட்டு, காமிராவை நேரே இன்டர்நெட்டில் திறந்து விட்டிருந்தான். பாஸ்வேர்டு? 'அட்மின்.' 2016-ல் மிராய் என்ற வைரஸ் இப்படிப்பட்ட காமிராக்களைத்தான் லட்சக்கணக்கில் பிடித்து, அடியாட்களாக்கி, ட்விட்டரையே சில மணி நேரம் முடக்கியது. அதைவிட, அம்மா ஹாலில் தலை உலர்த்துவதை எவனோ பார்க்கலாம் என்றதும் நண்பர் முகம் வெளிறிவிட்டது.

முதலில் அந்த ஓட்டையை அடைத்தோம். பாஸ்வேர்டை மாற்றினோம். பிறகு ரூட்டரிலேயே வி.பி.என். சர்வர். சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு ஒரு பிரைவேட் சுரங்கம். மெனுவில் ஓப்பன் வி.பி.என்., ஒயர்கார்டு இரண்டும் இருந்தன. நான் ஒயர்கார்டு கட்சி. 2020-ல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. சாவி இல்லாதவன் கதவைத் தட்டினால் 'யாரு?' என்றுகூடக் கேட்காது.

(உங்கள் ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127-க்குள் இருந்தால், கம்பெனிக்காரர் தெருவுக்கே ஒரு முகவரி கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். வெளியிலிருந்து சுரங்கம் வராது. தனி முகவரி கேளுங்கள். தனிக் காசும் கேட்பார்கள்.)

மறுநாள் நண்பர், "சார், கனெக்டட்னு காட்டுது. காமிரா வரலை. போன் ஹாட்ஸ்பாட்ல போட்டா வருது!" என்றார்.

அதிலேயே விடை இருக்கிறது. சென்னை ஃப்ளாட்டிலும் 192.168.1, கும்பகோணத்திலும் 192.168.1. காமிரா 192.168.1.20. லேப்டாப் என்ன நினைக்கும்? 'இது நம்ம தெருதானே' என்று ஃப்ளாட்டுக்குள்ளேயே தேடும். சுரங்கம் பக்கமே போகாது.

ஒரு பக்கம் மாற வேண்டும். ஃப்ளாட்டை மாற்றிப் பிரயோஜனமில்லை. நாளைக்கு லாட்ஜ் வைஃபையிலும் இதே கதை. வீட்டைத்தான் மாற்ற வேண்டும், யாரும் வைக்காத எண்ணாக. நண்பர் அம்மாவின் வயதை வைத்தார்: 192.168.72. "அடுத்த வருஷம் மாத்தணுமா சார்?" என்று சீரியஸாகக் கேட்டார்.

சுரங்கத்துக்குள் தனி எண்கள், 10.66.0 என்று. அது வீட்டு எண்ணோடும் மோதக் கூடாது. லேப்டாப் கான்ஃபிகரேஷனில் 'அலவ்டு ஐ.பி.' என்ற வரியிலும் புது 72-ஐ எழுத வேண்டும். மறந்தால் பழையபடி மௌனம்.

இதைச் சென்னையில் உட்கார்ந்து சுரங்கம் வழியாகச் செய்யாதீர்கள். நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற வேலை. நேரில் போய், காமிராவுக்குக் கையால் எழுதிய முகவரியை முதலில் எடுத்துவிட்டு, ரூட்டரே கொடுக்கும்படி வைத்து, அப்புறம் எண்ணை மாற்றி, காமிராவுக்கு அதில் ஒன்றை நிரந்தரமாக ரிசர்வ் செய்யவேண்டும். நண்பர் சனிக்கிழமை ரயிலேறினார்.

திங்கட்கிழமை ஃப்ளாட் வைஃபையில் காமிரா வந்தது. திரை முழுக்க வெள்ளை. பதறிப்போய் அம்மாவுக்கு போன்.

"துண்டு போட்டு மூடியிருக்கேன்டா. எவனெவனோ பாக்கலாம்னு நீதானே சொன்னே? நீ பாக்கறதுன்னா ஒரு போன் பண்ணு, எடுக்கறேன்."