வடியும் காதுக்கு எண்ணெய் மருந்தன்று

காது வலியென்று குழந்தையைத் தூக்கி வரும் குடும்பத்தாரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "காதில் ஏதேனும் ஊற்றினீர்களா?" பல வேளைகளில் பாட்டியார்தான் விடையளிப்பார்: "பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சின எண்ணெய், ரெண்டே சொட்டுதான் விட்டேன் டாக்டர்." நள்ளிரவில் வீறிட்டு அழும் குழந்தைக்கு அன்பினால் செய்யப்பட்டது அது, அவரைக் கடிந்துகொள்வதற்கில்லை. ஆயினும், அப்பழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

குழந்தைகளின் காது வலி பெரும்பாலும் செவிப்பறைக்கு உட்புறமுள்ள நடுச்செவியில் தோன்றுவது. நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழல், குழந்தைகளுக்குக் குட்டையாகவும் சரிவு குறைந்தும் இருக்கிறது. சளி பிடிக்கையில் அக்குழல் வீங்கி அடைபடுகிறது. உள்ளே நீர் தேங்கிச் சீழாகிறது. செவிப்பறை முழுமையாக இருந்தால் ஊற்றிய எண்ணெய் அவ்விடத்தைச் சென்றடையாது. துளை விழுந்திருந்தாலோ, எண்ணெயோடு கிருமிகளும் உட்புகும். செவித்துளையில் தங்கும் ஈரம் பூஞ்சைக்கும் இடமளிக்கும்.

காதுநோக்கி என்னும் சிறு விளக்குக் கருவியால் செவிப்பறையைக் கண்டாலே பெரும்பாலும் நோய் புலப்பட்டுவிடும். எல்லாக் காது வலிக்கும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. வலிநிவாரணி மட்டும் கொடுத்து இரண்டு மூன்று நாட்கள் கவனித்தாலே பல குழந்தைகள் குணமடைகின்றனர். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தை, கடுங்காய்ச்சல், சீழ் வடிதல் என்றால் நிலைமை வேறு. அப்போது தரப்படும் மருந்தைச் சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுக்க வேண்டும். இவ்வேறுபாட்டைப் பொறுமையாக விளக்காமல் மருந்துச் சீட்டை மட்டும் நீட்டும் தவறு மருத்துவர்களாகிய எங்களிடமும் உண்டு.

எங்களை மிகவும் கவலையுறச் செய்வது, "வளர்ந்தால் தானே நின்றுவிடும்" என்று ஆண்டுக்கணக்கில் விடப்படும் காதுதான். இரண்டு வாரங்களுக்கு மேல் சீழ் வடிந்தால் அது நாட்பட்ட நோயாகக் கருதப்பட வேண்டியது. காதைத் தூய்மை செய்து சொட்டு மருந்திட்டால் பலருக்குச் சீழ் நிற்கும். ஆறாத துளையை அறுவைச் சிகிச்சையால் மூடலாம். கவனியாது விட்டால் கேட்கும் திறன் குறையும். வகுப்பில் பாடம் சரிவரக் கேளாத அப்பிள்ளைக்கு "மந்தமானவன்" என்னும் பெயர்தான் மிஞ்சும். துர்நாற்றத்துடன் சிறிதளவே வடியும் சீழ் இன்னும் ஆபத்தானது. எலும்பை அரிக்கும் நோய் உள்ளே இருக்கக்கூடும். அது முக நரம்பையும் மூளையையும் தாக்க வல்லது. அதற்கு அறுவைச் சிகிச்சையே வழி.

ஆகவே, எண்ணெய், தாய்ப்பால், கோழியிறகு, பட்ஸ் எதுவும் காதினுள் செல்ல வேண்டாம். சீழ் வடியும் காதுள்ளவர் குளிக்கும்போது, வாசலின் தடவிய பஞ்சால் காதின் வாயிலை மூடிக்கொள்ளட்டும். குழந்தையைத் தலை தாழப் படுக்கவைத்துப் பால் புகட்டாதீர்கள், வீட்டினுள் புகைபிடிக்காதீர்கள், 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் போடப்படும் நிமோகாக்கல் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். காதின் பின்புறம் வீக்கம், வாய் கோணுதல், தலைசுற்றல், கடுந்தலைவலியுடன் வாந்தி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

நள்ளிரவில் குழந்தை அழுதால், பாட்டியாரின் மடியும் எடைக்கேற்ற அளவு பாராசிட்டமாலும் போதும். காதைப் பார்க்கும் பணியை விடிந்ததும் எங்களிடம் விட்டுவிடுங்கள்.