பாடியவர் ஒருவர், உடையவர் வேறொருவர்

இசையுலகைப் பற்றிய நூல்கள் வீண் பொழுதுபோக்கே என எண்ணுவோர், அமெரிக்க எழுத்தாளர் பீட்டர் குரால்னிக் 1986 இல் வெளியிட்ட 'சுவீட் சோல் மியூசிக்' என்னும் நூலைப் படித்தல் நன்று.

ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களின் 'சோல்' இசை வளர்ந்த வரலாற்றை அந்நூல் கூறுகின்றது. மெம்பிஸ் நகரிலே, பழைய படமாளிகை ஒன்றில் இயங்கியது ஸ்டாக்ஸ் இசைத்தட்டுக் கம்பனி. நிறவெறி கோலோச்சிய அக்காலத்திலேயே அங்கு கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கிருந்து இசை படைத்தனர். ஓட்டிஸ் ரெடிங்கின் குரல் அங்கிருந்தே உலகை எட்டிற்று.

ஆயின், விளைந்தது யாது? 1965 இல் அட்லாண்டிக் கம்பனியுடன் செய்த விநியோக உடன்படிக்கையில், ஸ்டாக்ஸ் அதிபர் ஜிம் ஸ்டுவேட் நட்பை நம்பி, முற்றாக வாசியாமலே ஒப்பமிட்டார். 1967 இல் அட்லாண்டிக் கைமாறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் ரெடிங் விமான விபத்தில் மாண்டார். 1968 இல் ஸ்டாக்ஸ் பிரிந்து செல்ல முற்பட்டபோதே உண்மை புலனாயிற்று. அட்லாண்டிக் விநியோகித்த மூல ஒலிப்பதிவுகள் யாவும் அட்லாண்டிக்கின் உடைமையாம்! மாண்டவரின் குரலும் அவற்றோடு போயிற்று.

மேடையின் ஒளியோடு, மேடைக்குப் பின்னால் எழுதப்பட்ட பத்திரத்தையும் காட்டுவதே இந்நூலின் சிறப்பு. காணி உறுதியில் ஒப்பமிடும் உழவனுக்கும், கற்றறிந்த உத்தியோகத்தருக்கும் இதிலுள்ள பாடம் ஒன்றே. வியர்வை சிந்தி ஈட்டிய உரிமை, வாசியாத ஒரு வரியினால் பறிபோகக்கூடும். நண்பரே ஆயினும், எழுத்தை வாசித்த பின்னரே எழுதுகோலை எடுங்கள்!